எண் இல்லாத குழாய்ப்பாலம்

கடலை நான் உயர்த்துவது
ராமநாதபுரத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
இரண்டாவது மாடியில்.
கால் மீட்டர், அரை மீட்டர், ஒன்று.
ஒவ்வொரு முறையும் கணினி கொஞ்சம் இரையும்.
அலை இல்லை, கவுச்சி இல்லை,
தாழ்ந்த கட்டமெல்லாம் நீலமாகும்.
அவ்வளவுதான் கடல்.

தேவிபட்டினத்துக்கு வடக்கே,
சாலைக்கு மேற்கில், ஒரு தெரு மட்டும்
வெள்ளையாகவே நின்றது.
கடல்மட்டத்துக்கு நாற்பது சென்டிமீட்டர்தான் உயரம்,
அரை மீட்டர் ஏற்றியும் வெள்ளை.
சாலை மேடு தடுக்கிறது என்றது கணக்கு.
வழி இல்லாத பள்ளத்துக்குள் கடல் போகாதாம்.
நியாயம்தான்.

சரிபார்க்கப் போனேன். கார்த்திகை.
போகிற வழியில் நவபாஷாணத்தில்
ஒன்பது கல்லில் மூன்று தெரியவில்லை.
சுற்றி வருகிறவர்களுக்கு இடுப்பளவு தண்ணீர்.
சாமி கும்பிடாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன்,
நேரத்தோடு.

வாடை முகத்தில் அறைந்தது.
முக்காலியை நட்டால்
மணல் ஒரு காலை மட்டும் விழுங்குகிறது.
நண்டு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு
ஒருத்தி நின்று பார்த்தாள். பேர் நம்புத்தாய்.
"எதுக்கு ரோட்ட அளக்குறீக?"
சொன்னேன்.
"ரோடா தடுக்குது?"
சிரிக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
சீமைக் கருவேலத்துக்குள் இறங்கிவிட்டாள்.

அங்கே ஒரு சிமெண்ட் குழாய்.
வாயில் பாதி சேறு, மீதியில் இருட்டு.
மற்ற பாலங்களுக்கெல்லாம் மஞ்சளில் எண் இருக்கும்.
இதற்கு இல்லை.
துறை கொடுத்த பட்டியலிலும் இல்லை.
"வாடைக்கு நண்டு இதுக்குள்ளதான் நிக்கும்.
தண்ணி இங்கிட்டு வரும், அங்கிட்டுப் போகும்.
போன வருசம் எங்க அடுப்படி வரைக்கும்
வந்து பாத்துட்டுப் போச்சு."

டேப்பின் மறுமுனையை அவளே பிடித்தாள்.
அறுபது சென்டிமீட்டர் விட்டம்.

அன்று இரவு
ஒரே ஒரு கட்டத்தின் உயரத்தைக் குறைத்தேன்.
கடலை மறுபடி அரை மீட்டர் ஏற்றினேன்.
குழாய்க்குள் ஊசிமுனை போல நுழைந்தது நீலம்,
அப்புறம் அகலமாக உட்கார்ந்தது.
நாற்பத்தொரு வீடு, அங்கன்வாடி,
கைபேசிக் கோபுரத்தின் அடி.
நம்புத்தாய் வீட்டைத் தேடினேன்.
மேலிருந்து எடுத்த படத்தில்
அவள் கூரைத் தார்ப்பாய்
முன்பே நீலமாக இருந்தது.

மூன்றாம் நாள் கூப்பிட்டாள்.
நான்தான் நம்பர் கொடுத்திருந்தேன்.
"அந்தப் படம் வெளிய வந்துட்டா
எங்க தெருவுக்கு வீட்டுக்கடன் குடுப்பாகளா?"
தெரியவில்லை என்றேன்.
தெரியும்.
"தையில கையெழுத்து போடச் சொல்லியிருக்காக.
அது வரைக்கும் குழாயப் பாக்கலன்னு வச்சுக்கங்களேன்.
நாந்தான காட்டுனேன்."

அஸ்திவாரத்தை இன்னும் நாலு வரிசை
தூக்கிக் கட்டுங்கள் என்று சொன்னேன்.
ஒரு வரிசைக்கு எத்தனை சென்டிமீட்டர் என்பதுவரை
கணக்காகச் சொன்னேன்.
"அதுக்கும் கடன்தான வேணும்," என்றாள்.
பின்னால் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம்.
காசு தீர்ந்ததோ, பேச்சு தீர்ந்ததோ, வைத்துவிட்டாள்.

இப்போது என்னிடம் இரண்டு கடல் இருக்கிறது.
குழாய் தெரிந்த கடல், குழாய் தெரியாத கடல்.
இரண்டுக்கும் ஒரே தேதி, ஒரே நீலம்.
பிழை பதினைந்து சென்டிமீட்டர்
கூடவோ குறையவோ இருக்கலாம் என்று
இரண்டிலும் அடிக்குறிப்பு.
அந்தப் பதினைந்துக்குள்
அவளை எங்காவது ஒளித்துவைக்க முடியுமா என்று
ஒரு மணி நேரம் பார்த்தேன்.
உயரம் போதவில்லை.

அட்டவணை பாலத்தின் எண்ணைக் கேட்கிறது.
காலியாக விட்டால் சேமிக்க மாட்டேன் என்கிறது.
அனுப்பவேண்டியது வெள்ளிக்கிழமை.
காலியாகவே விட்டு வைத்திருக்கிறேன்.

இன்று புதன்.
வாடை இன்னும் விழவில்லை.